வீட்டுக் கச்சேரிக்குப் பொருத்தம் பார்த்தல்

கேள்வி ஞானத்துக்குப் பெயர்போன நகரம் புனே. தம் குருவான சவாய் கந்தர்வரின் நினைவாகப் பண்டித பீம்சேன் ஜோஷி தொடங்கிய இசைவிழாவும், அந்நகரின் வானொலி நிலையமும் 1953-ஆம் ஆண்டில் தோன்றியவை. விழாவில் கேட்ட சங்கீதத்தை வீட்டிலும் அதே நயத்தோடு கேட்க வேண்டும் என்னும் ஆவல் ரசிகர்களுக்கு எழுவது இயல்பே. அவ்வாவல் அவர்களைப் புதவார் பேட்டையில் உள்ள தப்கீர் கல்லிக்கு இட்டுச் செல்லும். தப்கீர் என்ற மராத்திச் சொல்லுக்கு மூக்குப்பொடி என்று பொருள். ஆனால் இன்று அச்சந்தில் வரிசையாக இருப்பவை மின்சாதனக் கடைகள்.

உத்தியோகத்தின் பொருட்டுப் புனேயில் குடியேறிய ஒருவர், பல மாதச் சேமிப்புடன் அங்கே செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் விலை உயர்ந்ததாக ஒன்றை வாங்கிச் சேர்த்துவிட்டால் இசை இனிமையாகிவிடும் என்று அவர் எண்ணக்கூடும். நம் பெரியோர் மணமகன் நல்லவன், மணமகள் நல்லவள் என்பதோடு நில்லாமல், இருவருக்கும் பொருத்தம் உண்டா என்று பார்த்தார்கள். ஸ்டீரியோ அமைப்புக்கும் அந்நெறியே ஏற்றது.

இவ்வமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. இசையைத் தரும் மூலம் ஒன்று; அது டர்ன்டேபிளாகவோ, குறுந்தட்டுக் கருவியாகவோ, கைப்பேசியாகவோ இருக்கலாம். அதிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை வலுப்படுத்தும் ஆம்ப்ளிபையர் இரண்டாவது. மின்னலையை ஒலியாக மாற்றும் இரு ஸ்பீக்கர் பெட்டிகள் மூன்றாவது. கடைக்காரர் சேர்க்காத நான்காம் உறுப்பு ஒன்றும் உண்டு. அதுதான் நம் வீட்டு அறை. தேர்வை அறையிலிருந்தே தொடங்குதல் நலம்.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 344 மீட்டர் செல்கிறது. 4.3 மீட்டர் நீளமுள்ள கூடத்தில், வினாடிக்கு 40 அதிர்வு கொண்ட ஒலியும், அதன் மடங்குகளான 80, 120 அதிர்வுகளும் சுவருக்குச் சுவர் மோதி இயல்புக்கு மீறிப் பருத்துவிடும். அடித்தொனி மிகுந்த பெரிய பெட்டியை இத்தகைய கூடத்தின் மூலையில் வைத்தால், தபலாவின் இடக்கை ஒலி ‘கும்’மென்று பெருகிப் பாடகரின் சொல்லை விழுங்கிவிடும். சிறிய அறைக்குச் சிறிய பெட்டியே ஏற்றது. அதையும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். கல் பாவிய தரையில் ஒரு சமுக்காளம், ஜன்னலில் கனத்த திரை, சுவரோரம் புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியைத் தணிக்கும்.

இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைவது நன்று. இரு வழியாக ஒலியைப் பதிந்து, அரங்கின் விரிவை உணர்த்தும் முறைக்கு ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 முதல் பரவலாக விற்பனைக்கு வந்தன. முக்கோணம் சிதைந்தால், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்.

அடுத்து ஆம்ப்ளிபையரைப் பார்ப்போம். ஒரு வாட் மின்திறனில், ஒரு மீட்டர் தொலைவில், ஒரு பெட்டி 90 டெசிபல் ஒலியும் மற்றொன்று 84 டெசிபலும் தருவதாக வைத்துக்கொள்வோம். முதற்பெட்டி 10 வாட்டில் தரும் ஒலியை இரண்டாவது தருவதற்கு 40 வாட் வேண்டும். ஆகவே பெட்டியை அறியாமல் ஆம்ப்ளிபையரின் வலிமையைத் தீர்மானிக்க இயலாது. பெட்டியின் மின்தடை எத்தனை ஓம் என்பதையும் பார்க்க வேண்டும். 8 ஓம் பெட்டிக்கென அமைந்த ஆம்ப்ளிபையரில் 4 ஓம் பெட்டியை இணைத்தால், அது இருமடங்கு மின்னோட்டம் கேட்கும். கருவி சூடேறிப் பழுதாகலாம்.

சில மலிவான கருவிகளின் மேல் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அக்கருவியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அது வீட்டு மின்சாரத்திலிருந்து எடுப்பது 60 வாட்தான் என்று எழுதியிருக்கக் காணலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இடைவிடாது தரக்கூடிய திறனைக் குறிக்கும் ‘ஆர்.எம்.எஸ்.’ அளவையே நாம் கேட்டறிய வேண்டும். வீட்டுக் கூடத்தில் இயல்பாகக் கேட்பதற்குச் சில வாட்டே செலவாகிறது. மிச்சத் திறன், தாளவாத்தியம் திடீரென ஓங்கும் கணங்களுக்காக.

பழைய இசைத்தட்டுகளில் பற்றுடையோர் ஒன்றை மறத்தலாகாது. டர்ன்டேபிளின் முள் தருவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே. மேலும், தட்டை வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்தும் மேல்தொனியைக் கூட்டியும் பதிக்கிறார்கள். அதைச் சீர்செய்யும் ‘ஃபோனோ’ பகுதி ஆம்ப்ளிபையரிலோ தனியாகவோ இல்லாவிடில், பாட்டு ஈனசுரத்தில் சோகையாக ஒலிக்கும்.

பணத்தை எவ்வாறு பங்கிடுவது? நூறு ரூபாயில் சரிபாதியை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்குவது தகும் என்பது நம் கருத்து. ஒலியின் தன்மை பெட்டிக்குப் பெட்டி மாறுபடுவதுபோல, நன்கு அமைந்த ஆம்ப்ளிபையர்களுக்குள் மாறுபடுவதில்லை. இணைப்புக் கம்பிக்குப் பெருஞ்செலவு வேண்டா. போதிய கனமுள்ள சாதாரணச் செம்புக் கம்பியே போதும்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது, நாம் நன்கறிந்த ஒரு குரலின் பதிவைக் கொண்டு செல்வோம். வாத்தியத்தின் மாறுபாட்டைவிடக் குரலின் மாறுபாட்டைச் செவி விரைவில் பிடித்துவிடும். இரண்டு பெட்டிகளையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்ய வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததென்று செவி ஏமாறுவது வழக்கம். எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றித் தருமாறு நண்பரை வேண்டுவது இன்னும் நன்று. விலைச்சீட்டைக் காணாத செவி பெரும்பாலும் நேர்மையான தீர்ப்பே வழங்கும்.

வாங்கிய பின்னும் குறை தோன்றினால், மற்றொரு கருவிக்குக் கடன்படுமுன் பெட்டிகளை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் கேட்டு, பிறகு முடிவு செய்வோம். செலவில்லாத இம்மாற்றமே பலமுறை போதுமானதாக இருக்கும். சேமிப்பில் எஞ்சியது இசைத்தட்டுகளுக்கு ஆகும்.