தோற்பதற்கே அழைக்கப்படுபவர்

ஆங்கிலத்தின் 'ஜர்னிமேன்' என்ற சொல்லில் பயணத்தின் சாயல் தெரிந்தாலும், ஒரு நாள் வேலையைக் குறித்த 'ஜூர்னே' என்னும் பிரெஞ்சுச் சொல்லே அதன் வேர் என்பதால், பயிற்சிக் காலத்தை முடித்து நாட்கூலி பெறும் தகுதியை அடைந்த, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கும் ஆசான் நிலையை எட்டாத கைவினைஞரையே அது முதலில் குறித்தது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் அப்பயிற்சிக்கு ஏழாண்டுகளை விதித்திருந்தது; அமெரிக்காவில் மின்பணியாளர்களுக்கு இன்றும் இப்பெயர் மதிப்புக்குரிய தகுதிச் சான்றாகவே விளங்குகிறது.

விளையாட்டில் அதே சொல், குறைசொல்ல முடியாத திறனிருந்தும் உச்சத்தைத் தொடாதவருக்கு உரியதாகிவிட்டது. பிரிட்டன் குத்துச்சண்டையிலோ அது ஒரு தனித் தொழிலின் பெயர்: தம் ஊராரிடம் நுழைவுச்சீட்டு விற்றுத் தரும் வளரும் வீரருக்கு எதிராக, சில நாள் முன்னறிவிப்பில் வந்து, பேசிய தொகையைப் பெற்று, பெரும்பாலும் புள்ளிக்கணக்கில் தோற்றுத் திரும்புபவரே அங்கே ஜர்னிமேன். பர்மிங்காமைச் சேர்ந்த ஒருவர் 2008இல் ஓய்வு பெற்றபோது, ஆடிய 300 போட்டிகளில் 256இல் தோற்றிருந்தார். குத்தைக் கையுறையிலும் தோளிலும் வாங்குவதும், நெருங்கிப் பிடித்து வேகத்தைத் தணிப்பதும், இளையவருக்குச் சுற்றுகளைக் கடக்கக் கற்பிப்பதும் எளிதில் கைவராத கலை என்பதால், பழைய பட்டறைப் பொருளுக்கு இவரும் முழுத் தகுதியுடையவரே.

கவலைக்குரியது வேறொன்று. அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 28 நாள்கள் களமிறங்கத் தடை உண்டு. அந்நாள்களில் வருமானம் இல்லையாதலால், வீழாமல் நிற்பதே இவருடைய பிழைப்பாகிறது. ஆனால் அத்தடை வீழ்ச்சியை எண்ணுகிறதே தவிர, நின்றபடியே வாங்கிய குத்துகளை எண்ணுவதில்லை. குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1928இலேயே விவரித்தார். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளால் மூளைத் திசு மெல்லச் சிதையும் அந்நோய்க்கு, ஒவ்வோர் அடியும் மயக்கமுறச் செய்வதாக இருக்க வேண்டியதில்லை என்பது இன்று அறியப்பட்ட உண்மை.

விரும்பி ஏற்ற தொழில், நேர்மையான வருவாய், ஆண்டுதோறும் மூளை ஸ்கேன் என்று இம்முறையை ஆதரிப்போர் கூறுவர். எனினும் ஸ்கேன் காட்டுவது பெரும்பாலும் நேர்ந்துவிட்ட சேதத்தையே. ஆகவே உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, வாழ்நாளில் ஆடிய மொத்தச் சுற்றுகளும் பயிற்சிக்கூடத்தில் வாங்கிய அடிகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும், அக்கணக்கு ஓர் எல்லையைத் தாண்டினால் அவருக்கு ஓய்வூதியத்துடன் விடைகொடுக்கவும் வேண்டும்.