கருங்கல் கணவாயைக் கடந்த சாத்துகள்: லே – யார்க்கண்ட் வணிகவழி

நாமக்கல்லைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தென்முனை கன்னியாகுமரி, வடமுனை ஸ்ரீநகர். லாரித் தொழிலாலும் கூண்டு கட்டும் பட்டறைகளாலும் பெயர் பெற்ற இம்மாவட்டத்தார்க்கு வடபுல வழிகள் புதியன அல்ல. ஆயின், அந்நெடுஞ்சாலை நின்றுவிடும் இடத்திலிருந்து மேலும் வடக்கே சென்ற ஒரு பழவழி உண்டு. 3,528 மீட்டர் உயரத்திலுள்ள ஸோஜி லா கணவாயைக் கடந்து, கார்கில் வழியே லே நகரை அடைந்து, அங்கிருந்து காரகோரம் மலைகளைத் தாண்டி மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் வரை நீண்ட வழி அது. முஸ்லிம் வணிகர் வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் போதிய அளவு அறிந்தோமில்லை.

லேயிலிருந்து யார்க்கண்ட் செல்லச் சாத்துகளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கோடையில் கார்துங் லா, சாசர் லா ஆகியவற்றைக் கடந்து, தெப்சாங் வெளியினூடே 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயை ஏறினர். துருக்கிய மொழியில் அப்பெயருக்குக் கருங்கல் பரல் என்பது பொருள். குளிர்காலத்திலோ, உறைந்துபோன ஷயோக் ஆற்றுப் படுகையே பாதையாயிற்று. புல்லும் விறகும் கிடைக்காத அவ்வெளிகளில் மாண்ட குதிரைகளின் எலும்புகளே பின்வந்தோர்க்கு வழிகாட்டிகளாயின. அங்குள்ள தௌலத் பேக் ஓல்டி என்ற இடத்தின் பெயர், பெருஞ்செல்வர் ஒருவர் மாண்ட இடம் எனப் பொருள்படும். 1533இல் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் இறந்த யார்க்கண்ட் அரசர் சுல்தான் சயீத் கானை அப்பெயர் குறிப்பதாகக் கருதுவர்.

வடக்கிலிருந்து பட்டு, கம்பளம், வெள்ளி, குதிரை ஆகியவை வந்தன. இங்கிருந்து பருத்தித் துணி, அவுரிச் சாயம், நறுமணப் பொருள்கள், பவளம் ஆகியவை சென்றன. திபெத்தின் உயர்நிலங்களில் கிடைத்த பஷ்மினா ஆட்டுமயிர் லே வழியாகக் காஷ்மீரின் சால்வைத் தறிகளை அடைந்தது. மக்களும் இவ்வழியே நடந்தனர். யார்க்கண்ட், காஷ்கர் நகரங்களின் ஹாஜிகள் பலர் லேயில் தங்கி, பின்னர் பம்பாய் சென்று கப்பலேறினர்.

1666–67இல் எழுந்த ஜும்ஆப் பள்ளிவாசல் இன்றும் லே கடைத்தெருவில் நிற்கிறது. அங்குக் குடியேறிய காஷ்மீர, யார்க்கண்ட் வணிகர்கள் லடாக்கியப் பெண்களை மணந்தனர். அக்குடும்பங்களின் வழிவந்தோர் அர்கோன் எனப்பட்டனர். பல மொழிகளையும் இருபுறத்து உறவுகளையும் உடையவராதலின், வணிகத்தின் இணைப்புக் கண்ணிகளாக அவர்கள் விளங்கினர். ஒரு சான்று காண்போம். பௌத்த லடாக்கின் சார்பில் லாசாவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை காணிக்கை கொண்டுசென்ற லோப்சக் சாத்தினை நடத்தும் பொறுப்பு, லேயின் முஸ்லிம் வணிகக் குடும்பம் ஒன்றிடம் இருந்தது. 1942ஆம் ஆண்டுச் சாத்தில் உடன்சென்ற அப்துல் வாஹித் ராது அப்பயணத்தைப் பிற்காலத்தில் நூலாக எழுதினார். பௌத்தர் தம் காணிக்கையை முஸ்லிமிடம் ஒப்படைத்ததும், அவர் அதனைப் பழுதின்றிச் சேர்ப்பித்ததும் அமானிதம் என்ற சொல்லுக்கு வாழும் விளக்கமன்றோ?

பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைகளின் சாத்தைப் பேசுகிறது. அச்சாத்துக்கும் வழிக்காவலும் சுங்கமும் இருந்தன. லடாக்கிலோ, வணிகரின் தகராறுகளைத் தீர்க்கவும் கடன்களை மீட்டுத் தரவும் அக்சகால் என்ற தலைவர் இருந்தார். வெண்தாடியர் என்பது அச்சொல்லின் பொருள். சாத்துப் பணியாளராக வாழ்வைத் தொடங்கிய குலாம் ரசூல் கல்வான் லேயின் அக்சகாலாக உயர்ந்தார். அவருடைய தன்வரலாறு 1923இல் வெளிவந்தது. கல்வான் ஆறு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எனினும், இவ்வழியைப் பொற்காலமாக மட்டும் வரைவது நேர்மையாகாது. சரஸ் என்னும் போதைப்பொருளும் இவ்வழியே பெருமளவில் வந்தது. சுமைகூலிகளையும் குதிரைகளையும் முறைவைத்து அளிக்குமாறு கிராமத்தார் கட்டாயப்படுத்தப்பட்டனர். பிரிட்டிஷாரும் மகாராஜா ரண்பீர் சிங்கும் 1870இல் செய்த வணிக உடன்படிக்கை வரிகளைக் குறைத்தது. கூலிகளின் சுமையைக் குறைக்கவில்லை. சால்வையின் மென்மையைப் போற்றுவோர் அதைச் சுமந்த முதுகுகளையும் நினைத்தல் வேண்டும்.

1947–48 போரும், 1949இல் சீனத்தில் நேர்ந்த ஆட்சி மாற்றமும் இவ்வழியை அடைத்துவிட்டன. அவ்வாண்டின் இறுதியில் இறுதிச் சாத்துகளைப் போல வந்தோர் வணிகரல்லர். கிழக்குத் துர்க்கிஸ்தானிலிருந்து வெளியேறிய அகதிகள். கணவாய்க்கு இருபுறமும் இருந்த உறவுகள் அறுந்தன.

இன்று காரகோரம் கணவாய் படைகளின் காவலில் உள்ளது, பயணியர்க்கு வழியில்லை. ஆயினும் லே வரையிலான பாதையை வாகனத்தில் காணலாம். 2025இல் சோனாமார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. ஸோஜி லாவின் அடியிலும் சுரங்கம் குடையப்படுகிறது. கார்கிலில், 1920இல் முன்ஷி அஜீஸ் பட் கட்டிய சத்திரத்தில் கிடைத்த சேணங்களும் கணக்கேடுகளும் கடிதங்களும் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுந்தர் மணல்வெளியில், சாத்துகளோடு வந்த இருதிமில் ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள் சுற்றுலாப் பயணியரைச் சுமக்கின்றன.

வழிகளை அரசுகள் திறக்கின்றன, அரசுகளே அடைக்கின்றன. ஆனால் அயல்மொழி பேசுவோனும் அயல்நெறி ஒழுகுவோனும் ஒப்படைத்த பொருளைப் பழுதின்றிச் சேர்ப்பித்தவர்களின் நற்பெயர் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. நெடுவழிப் போக்குவரத்தால் வாழும் நம் பகுதியினர்க்கு, அந்நற்பெயரே முதன்மையான மூலதனம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.