மூலப்படத்தை வைத்துக்கொண்டு பிரதியை மாற்றுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் கட்டைபறிச்சானில் ஒரு கோயில் நிர்வாக சபையோ பழைய மாணவர் சங்கமோ இணையத்தளம் தொடங்கினால், முதலில் ஏறுவது திருவிழாப் படங்களும் விளையாட்டுப் போட்டிப் படங்களும்தான். கைபேசியில் எடுத்த ஒரு படம் பெரும்பாலும் 3, 4 மெகாபைட் இருக்கும். அப்படி 20 படங்களை ஒரே பக்கத்தில் போட்டால், அதைத் திறப்பவருக்கு 60 முதல் 80 மெகாபைட் டேட்டா கரைந்துவிடும். படம் போட்டவருக்கு இதில் நட்டமில்லை. ரீலோட் போட்டுப் பார்ப்பவர்தான் காசு கொடுக்கிறார்.

இந்தச் சுமையைக் குறைக்கப் புதிய பட வடிவங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு மாறுவது நல்லதே. மாற்றும்போது எதை இழக்க நேரலாம், யாருடைய உரிமை இதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

எந்த வடிவம் எதற்கு?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது. 2010இல் கூகுள் வெளியிட்ட வெப்பி, அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 வீதம் வரை சிறிதாக இருக்கும் என்கிறது அந்த நிறுவனம். 2019இல் வந்த ஏ.வி.ஐ.எப் பெரும்பாலும் அதைவிடவும் சிறியது. மாற்றுவதற்குத்தான் கூடுதல் நேரம் எடுக்கும். ஐபோன் 2017 முதல் எச்.ஈ.ஐ.சி வடிவத்தில் படம் எடுக்கிறது. பல உலாவிகள் அதைத் திறப்பதில்லை என்பதால் அப்படியே தளத்தில் ஏற்றக் கூடாது.

வடிவத்தை மாற்றும் முன் படத்தின் அளவைக் குறையுங்கள். 4000க்கு 3000 என்ற அளவுள்ள படத்தில் ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. கைபேசித் திரையில் பார்க்க 1200க்கு 900 தாராளமாகப் போதும். இதிலேயே புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். அதன்பிறகு வெப்பிக்கு மாற்றினால் ஒரு படம் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

முதலாவது, மூலம் அழிவது. வெப்பியும் ஏ.வி.ஐ.எப்பும் வழக்கமாகச் சில நுணுக்கங்களைக் கைவிட்டுத்தான் சிறிதாகின்றன. கைவிட்டது திரும்பி வராது; மறுபடி மறுபடி மாற்றினால் படம் இன்னும் கெடும். 2006இல் போரினால் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்து, கட்டைபறிச்சான், கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்த குடும்பங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் ஊர் திரும்பத் தொடங்கின. அப்படிப்பட்ட வீட்டில் தப்பிய ஒரே கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்தால் அந்த முழுக் கோப்புதான் இனி மூலம். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத்தின் திட்டமும் மூலப்படங்களை நுணுக்கம் இழக்காத டிப் வடிவத்தில்தான் கேட்கிறது.

இரண்டாவது, ஆவணப் படங்கள். வழக்கமான வெப்பி நிறத்தைப் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கும். அப்படிச் சேமித்த கிராம உத்தியோகத்தர் கடிதத்தில் நீல மையொப்பத்தின் மேல் விழுந்த சிவப்பு முத்திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்தின் ஓரங்கள் கசிந்து, சிறிய எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். கடிதம், சான்றிதழ், காணிப் பத்திரம் ஆகியவற்றுக்கு பி.என்.ஜி அல்லது இழப்பில்லாத வெப்பியைத் தெரிவுசெய்யுங்கள்.

மூன்றாவது, படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல். எடுத்த திகதி, நேரம், சில வேளைகளில் எடுத்த இடம்கூடக் கோப்புக்குள் பதிந்திருக்கும். சில செயலிகள் மாற்றும்போது இதை நீக்கும், சில அப்படியே விடும். வீட்டுப் பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போடும்போது இடத் தகவல் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். வெள்ளச் சேதம், காணிப் பிரச்சினை போன்றவற்றுக்காக எடுத்த படத்திலோ அந்தத் திகதிதான் பலம். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தகவலும் தரமும் போய்விடும், டொகியூமென்டாக அனுப்புங்கள்.

நான்காவது, இலவச மாற்றுத் தளங்கள். ஒரு விண்ணப்பம் இத்தனை கிலோபைட்டுக்குள் படம் கேட்கிறது என்பதற்காகத் தேசிய அடையாள அட்டையைத் தெரியாத தளமொன்றில் ஏற்றுகிறோம். அந்தப் பிரதி அங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. கொமினிகேஷன் கடையில் செய்வித்தாலும், வேலை முடிந்ததும் அவர்கள் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பழைய மென்பொருள். 2023 செப்டெம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் நிரலிலேயே பாரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வேண்டுமென்றே கெடுத்த ஒரு படத்தால் கருவியைத் தாக்க முடிந்தது. குரோம், பயர்பொக்ஸ் முதலியன உடனே திருத்தம் வெளியிட்டன. இற்றைப்படுத்தாத கைபேசிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

உங்கள் உரிமைகள்

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி புகைப்படமும் பதிப்புரிமை உள்ள படைப்பு. அந்த உரிமை படம் எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு செய்திருக்கத் தேவையில்லை. ஜேபெக்கை வெப்பியாக்கியதால் படம் மாற்றியவருக்குச் சொந்தமாகிவிடாது. எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள், பெயரையும் போடுங்கள்.

படத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கக் கேட்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் அது வழி வகுக்கிறது.

அரச அலுவலகத் தளத்தில் உள்ள அறிவித்தல் படம் உங்கள் பழைய கைபேசியில் திறக்கவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில், குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். பிரதியை மட்டும் மாற்றுங்கள்.

• கூகுளின் ஸ்கூஷ் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அது உலாவிக்குள்ளேயே மாற்றும். படம் வெளியே போகாது. கணினியில் கிம்ப் மென்பொருளும் வெப்பியாகச் சேமிக்கும்.

• 2020க்கு முந்திய ஐபோன் மென்பொருள் வெப்பியைத் திறக்காது. தளம் கட்டுபவரிடம் ‘பிக்சர்’ குறியைப் பயன்படுத்தி, புதிய வடிவத்தோடு ஜேபெக்கையும் வைக்கச் சொல்லுங்கள். பார்ப்பவரின் கருவி தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும்.

• வேர்ட்பிரஸ் தளமானால் 2021இன் 5.8 பதிப்பு முதல் வெப்பியும், 2024இன் 6.5 முதல் ஏ.வி.ஐ.எப்பும் ஏற்றலாம்.

• உங்கள் படத்தை யாரேனும் அனுமதியின்றிப் போட்டால் முதலில் பக்கத்தின் திகதியிட்ட திரைப்பிடிப்பை எடுத்து, நீக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மிரட்டலோ இழிவுபடுத்தலோ என்றால் பொலிஸிலும் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவிடமும் முறையிடலாம்.

படங்களை ஏற்றும் பொறுப்பு சங்கத்தில் யாரிடம் இருக்கிறதோ, மூலப்படங்களைக் காக்கும் பொறுப்பையும் அவரிடமே எழுத்தில் ஒப்படையுங்கள். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அந்தக் கோப்புறையும் கைமாற வேண்டும்.