பதிவேட்டில் ஒரு பெயர்



திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என ஒவ்வொன்றுக்கும் நம் பங்கில் ஒரு பதிவேடு உண்டு. என்றோ எழுதப்பட்ட ஒரு வரி பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்திற்குச் சான்றாக நிற்பதை நாம் அறிவோம். புற்றுநோய்க்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. அது சரியாக அமைவதில் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், நமக்கும் உள்ள பங்கைச் சற்றே சிந்திப்போம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் இப்பணியை ஏற்றது. 2012 முதல் தமிழகம் முழுவதற்குமான பதிவேடாக இது விரிவடைந்தது. ஒரு பகுதியில் வாழும் மக்களில் எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வருகிறது, சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்பதை இப்பதிவேடு காட்டுகிறது.

நோய் என்னவென்று பெரிய மருத்துவமனைக்குத் தெரியும். ஆனால் நோயாளி உண்மையில் எந்த ஊரில் வசிக்கிறார், ஏன் மறுபடி வரவில்லை, இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பது பல நேரங்களில் அங்கே தெரியாது. இவற்றை அறிந்தவர் வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர்தான். ஒரே நோயாளி திண்டுக்கல், மதுரை, சென்னை என்று மூன்று இடங்களில் சிகிச்சை பெற்றாலும், அவரை ஒருமுறைதான் எண்ண வேண்டும். அதற்குச் சரியான பெயரும் வயதும் முகவரியும் வேண்டும். நகரத்து உறவினர் முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்த நோய் நகரத்தின் கணக்கில் சேரும். நம் ஊரின் துன்பம் கணக்கில் வராமலே போய்விடும்.

இந்தக் கணக்கினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில், திண்டுக்கல் மாவட்டத்திற்கான பதிவேடு 2003-ல் தொடங்கியது. அம்மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுடைய பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் ஆய்வு 2000-ல் தொடங்கி நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதித்தார்கள். சோதனை நடந்த ஊர்களில், மற்ற ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007-ல் வெளியான இந்த முடிவை, நோயும் இறப்பும் ஊர்வாரியாகப் பதிவாகியிருந்ததால்தான் சொல்ல முடிந்தது. இத்தனை எளிய சோதனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு அந்தப் பதிவுகளே சாட்சி.

ஆனாலும் நம்மில் பலர் இந்நோயை மறைக்கிறோம். மகளின் திருமணம் தடைபடுமோ என்று அஞ்சுகிறோம். வீட்டில் இறந்தவருக்கு 'வயது மூப்பு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த அச்சம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் பதிவேட்டில் பெயர் கேட்பது ஒருவரை இருமுறை எண்ணாதிருக்கவும், அவர் நலனைத் தொடர்ந்து அறியவுமே. வெளியிடப்படுவது எண்ணிக்கை மட்டுமே, பெயர் அல்ல.

எனவே, சுகாதாரச் செவிலியர் நம் வீட்டுக்கு வரும்போது உண்மையான முகவரியைக் கொடுப்போம். பயாப்சி அறிக்கையை மறைக்காமல் காட்டுவோம். நம் வீட்டில் ஒருவர் புற்றுநோயால் இறந்தால், அதை அப்படியே சொல்வோம். இறந்தவரைப் பற்றி நாம் சொல்லும் அந்த ஓர் உண்மை, அடுத்த வீட்டுச் சகோதரிக்கு உரிய காலத்தில் சோதனை கிடைக்க வழி செய்யலாம்.