கைக்குழந்தையும் கடல் காற்றும்!

என் மகன் டென்மார்க்கில் வேலை பார்க்கிறான். பிரசவத்துக்காக இங்கே வந்த மருமகள், தாய் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரனுக்கு அப்போது ஏழு மாதம். தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, இருவரையும் வாசல் தாண்ட விட்டதில்லை நான்.

போன ஐப்பசியில் ஒருநாள், 'அத்தை... ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை தரங்கம்பாடி போயிட்டு வரலாமா? அங்கே பக்கத்து வீட்டம்மா, 'எங்க ஆளுங்க கட்டின கோட்டை உங்க நாட்டுல இருக்கே, பார்த்திருக்கியா'ன்னு கேட்டாங்க. இல்லேன்னு சொல்ல வெட்கமா இருந்தது' என்றாள்.

'மழை நாள்ல யாராவது கடற்கரைக்குப் போவாங்களா? அதுவும் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு!' என்று ஒரேயடியாக அடக்கி விட்டேன்.

இரவு போனில் பேசிய மகனோ, 'இங்கே குளிர் காலத்துலயே, குழந்தையை நல்லா போர்த்தி, தள்ளுவண்டியில படுக்க வெச்சு, வெளியிலதாம்மா தூங்க வைப்பாங்க. வெளிக்காத்துல நல்லா தூங்கும்னு சொல்றாங்க' என்றான். எனக்குப் பகீர் என்றது.

நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஜன்னலோரம், குழந்தையை மடியில் போட்டபடி, சத்தமில்லாமல் அழுது கொண்டிருந்தாள் மருமகள். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் பீங்கான் பொம்மை செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். தலைப்பிள்ளை பிறந்ததும், என் மாமியார் என்னை வெளியே விடவே இல்லை. மாதக்கணக்கில் நான் பார்த்ததெல்லாம், ஜன்னல் வழியே தெரிந்த சூளைப் புகை மட்டும்தான். 'என் மருமகளை இப்படி வைக்க மாட்டேன்' என்று அன்று நினைத்தவள்தானே நான்!

மறுநாளே குழந்தை டாக்டரைக் கேட்டேன். 'சளி, காய்ச்சல் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம். நனைய விடாதீர்கள், ஈரத் துணியோடு விடாதீர்கள்' என்றார்.

முதலில் குறித்த நாளில் புயல் எச்சரிக்கை வந்ததால், பயணத்தைத் தள்ளிப் போட்டோம். அடுத்த வாரம் வானம் வெளுத்ததும் கிளம்பினோம். மாற்றுத் துணி, துண்டு, பழைய பருத்திச் சேலை, பிளாஸ்டிக் விரிப்பு, கொசுவலை, காய்ச்சி ஆறிய தண்ணீர், கேழ்வரகுக் கூழ் எல்லாம் ஒரே பையில். சிதம்பரம் போய், அங்கிருந்து வேறு பஸ். தமிழக பஸ் நிலையங்களில், 2015 முதல் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனி அறை வந்திருப்பது எவ்வளவு சௌகரியம்! ஆனால், வழியில் ஓரிடத்தில் அது பூட்டிக் கிடந்தது. என் சேலைத் தலைப்புதான் மறைப்பு.

தரங்கம்பாடியில் கூட்டமே இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து, 1620ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையை, நெரிசல் இல்லாமல் நிதானமாகப் பார்த்தோம். 1845ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்று விட்டார்களாம். அருங்காட்சியகத்தில் இருந்த பீங்கான் பாத்திரங்கள், சீன ஜாடிகளை விட்டு எனக்குத்தான் நகர மனமில்லை. பீங்கான் ஊர்க்காரி அல்லவா!

கோட்டை நிழலில், சேலையை நாலாக மடித்து, பேரனைப் படுக்க வைத்தேன். கடல் காற்று பட்டதும் அப்படியொரு தூக்கம்! வீட்டில் அரை மணிக்கொரு தரம் விழிப்பவன், ஒன்றரை மணி நேரம் அசையவில்லை.

'நீ போய் கடலைப் பார்த்துட்டு வாம்மா. இவனை நான் பார்த்துக்கறேன். தண்ணியில மட்டும் கால் வைக்காதே' என்றேன். அலை ஆக்ரோஷமாக இருந்தது. 1306ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோவிலின் பெரும் பகுதியை விழுங்கிய கடல். 2004 சுனாமியில் இந்த ஊரையே அழ வைத்த கடல். பயம் வேண்டும்தான். ஆனால், அந்தப் பயம் கரையில் நிற்கக் கூடத் தடையாகலாமா?

திரும்பி வந்தவள் முகம், கல்யாணத்தன்று பார்த்த அதே முகம். 'ஏழு மாசத்துல முதல் தடவையா, கையில ஒண்ணும் இல்லாம நடந்தேன் அத்தை!' என்றாள். எனக்குக் கண் கலங்கி விட்டது.

மாலை இருட்டுவதற்குள் கிளம்பி, வீடு திரும்பினோம். பேரனுக்குத் தும்மல் கூட வரவில்லை.

தோழிகளே... கைக்குழந்தைக்காரியை வெளியே அழைத்துப் போக, சீசன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டு, வானிலை அறிக்கையைப் பார்த்து, கையில் ஒரு பையோடு கிளம்புங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாம் இருக்கிறோம். பெற்றவளும் கொஞ்சம் காற்று வாங்கட்டுமே!

— ஒரு வாசகி, விருத்தாசலம்.