கொலுவும் ஆண்மக்களும்

நவராத்திரிக் கொலு மகளிர்க்கே உரியது எனப் பலர் கருதுவர். ஆயினும், கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சி ஆணும் பெண்ணும் இணைந்தே வீற்றிருக்கின்றது. பொம்மை சேர்த்துப் புகழ்பெற்ற ஆடவரும் உளர்.

ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மை, கேலிச்சித்திர ஓவியர் கே.சங்கர் பிள்ளையின் ஆர்வத்திற்கு வித்தாயிற்று. அவர் திரட்டிய பொம்மைகளுக்காக தில்லியில் அமைந்த அருங்காட்சியகத்தை 1965-இல் திறந்து வைத்தவர் அந்நாளைய குடியரசுத் தலைவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இவர் ஆர்.கே.பேட்டைக்கு அண்மையிலுள்ள திருத்தணியில் 1888-இல் பிறந்தவர். பின்னாளில் அத்தொகுப்பு 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் 6,000-க்கும் மிகுந்த பொம்மைகளாகப் பெருகியது.

பொம்மையை விரும்பும் சிறுவனை எள்ளி விலக்குதல் தகாது. இவ்வாண்டுக் கொலுவில் ஒரு பொம்மையேனும் அவன் கையால் படியேறட்டும். அன்னை பராசக்திக்கு எல்லோரும் பிள்ளைகளே.