பனிக்காலத்தில் கோல்ஃப் ஆட எந்தக் கையுறை?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

தோழியரே! உதகையில் டிசம்பர் மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்து குழாய்த் தண்ணீரில் கை வைத்திருக்கிறீர்களா? ‘ஏன், தினமும்தான் வைக்கிறோம்!’ என்று விடுதித் தோழியர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கையோடு உடனே ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? விரல் இருக்கும், ஆனால் அது நம்முடையதாக இராது. பனிக்காலையில் கோல்ஃப் ஆடப் போகிறவர்களின் பாடும் அதுதான்.

பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கோல்ஃப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தையார் இருபது ஆண்டுகளாகக் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்து, வேண்டிய மட்டையை எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறார். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். மூன்றாம் வகுப்பில் ‘உன் அப்பா என்ன வேலை?’ என்று கேட்டபோது நான் எழுந்து நின்று பெருமையாக, ‘கேடி’ என்றேன். வகுப்பே சிரித்தது. சினிமாவில் வரும் கேடி வேறு, இந்தக் கேடி வேறு என்று எடுத்துச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. அன்று சிரித்தவர்களில் சிலர் இந்த ஆண்டுமலரையும் படிப்பார்கள் என்பதால் இப்போது சொல்லிவிட்டேன்.

கோல்ஃப் பிறந்த நாடு ஸ்காட்லாந்து. 1457-லேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்ததாம். மக்கள் வில்வித்தை பழகாமல் பந்தின் பின்னே ஓடினார்கள் என்பது குற்றச்சாட்டு. தடை நிற்கவில்லை, ஆட்டம் நின்றது. 1744-இல் லீத் என்னுமிடத்தில் 13 விதிகள் எழுதப்பட்டன. 1829-இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. பின்னர் வெள்ளைக்காரர்கள் குளிரைத் தேடி ஏறிய மலைகளுக்கெல்லாம் ஏறி, உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, இது குளிரில் பிறந்து குளிருக்கே குடிவந்த விளையாட்டு. பின்னே கையுறைக்குப் பஞ்சம் ஏன் என்கிறீர்களா? பஞ்சமில்லை. எது சரியான கையுறை என்பதுதான் சிக்கல். அதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய குளிர்காலத்தில் அப்பாவின் விரல்கள் சிவந்து, வீங்கி, இரவெல்லாம் அரித்தன. ஈரத்துண்டால் மட்டைகளைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆயிற்று. ஓர் ஆட்டக்காரர் பழைய கையுறை ஒன்று கொடுத்திருந்தார். ஒன்று என்றால் ஒன்றேதான், இடது கைக்கு மட்டும்! கோல்ஃப் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கைக்கே உறை போடுவார்கள். வலக்கைக்காரருக்கு மட்டையின் நுனிப் பிடியில் இருப்பது இடது கை. மட்டையை வீசும்போது அது கையை விட்டுப் போகப் பார்ப்பதும், தோல் உராய்வதும் அங்கேதான் அதிகம். இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறி வரும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் உண்டியலில் சேர்த்த இருநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு திபெத்தியர் கம்பளிக் கடைக்குப் போனேன். கடைக்கார அக்காவிடம், “இருப்பதிலேயே கனமான கிளவுஸ் கொடுங்கள்” என்றேன். கொடுத்தார். உள்ளே கை விட்டால் அடுப்படியில் இருப்பது போலிருந்தது. அப்பாவும் மகிழ்ந்து போனார். ஜனவரியில் கேடிகளுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். வென்றவருக்கு முழு மட்டைத் தொகுதி பரிசு. அப்பாவுக்கென்று சொந்த மட்டை ஒன்றுகூடக் கிடையாது. இரவல் மட்டையோடு என் கையுறையைப் போட்டுக்கொண்டு போனார்.

மாலையில் வந்தவர், “நல்ல கிளவுஸ்தான் கண்ணு, பனிதான் ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னார். நடந்ததைப் பக்கத்து வீட்டு மாமாதான் மறுநாள் சொன்னார். முதல் அடியிலேயே மட்டை அப்பாவின் கையிலிருந்து வழுக்கிப் பறந்து புதரில் விழுந்ததாம். எல்லோரும் சிரித்தார்களாம். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஆடியவருக்கு நாலைந்து குழிக்குள் விரல் மரத்துப்போயிற்றாம். நான் அன்று இரவு சாப்பிடவில்லை. ‘எதனால் அப்படி?’ என்று அறிவியல் சிஸ்டரையும், அப்பாவையும், அவர் பை சுமக்கும் சில ஆட்டக்காரர்களையும் கேட்டுத் துளைக்கத் தொடங்கியது அதன் பிறகே.

குளிர் பட்டவுடன் நம் உடல் ஒரு தந்திரம் செய்கிறது. இதயத்தையும் மூளையையும் சூடாக வைத்துக்கொள்வதற்காக, கைகால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல் குளிர்ந்தால் உணர்வு மழுங்குகிறது. உணர்வு மழுங்கினால் பிடி சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் மட்டையை இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கினால் முன்கை முழுவதும் விறைத்து, வீச்சு கெடுகிறது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் மட்டையின் முகம் சற்றே திரும்பியிருந்தாலும் பந்து காட்டுக்குள் போய்விடும்.

‘அப்படியானால் கனமான உறை நல்லதுதானே?’ என்று நானும் நினைத்தேன். இல்லை. கனமான உறை மட்டையின் பிடியையே பருமனாக்கிவிடுகிறது. விரலுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு மெத்தை வந்துவிட்டதால், குளிரில் மழுங்கிய உணர்வு இன்னும் மழுங்குகிறது. அதிலும் கம்பளிக்கு ரப்பர்ப் பிடியில் ஒட்டும் குணமே இல்லை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும் என்பது உண்மை. ஆனால் சூடு காப்பது வேறு, மட்டையைக் காப்பது வேறு.

வழக்கமான கோல்ஃப் கையுறை, ‘கப்ரெட்டா’ எனப்படும் மெல்லிய ஆட்டுத்தோலால் ஆனது. நல்ல வெயிலில் அதற்கு இணையில்லை, கையின் இரண்டாம் தோல் போலப் படியும். பனியிலோ அது குளிரைத் தடுக்காது. நனைந்தால் வழுக்கும். உலர்ந்தால் அப்பளம்போல் விறைக்கும்.

மழைக்கென்று செய்யும் கையுறை நேர்மாறானது. மெல்லிய செயற்கை நுண்ணிழையால் ஆன அதன் உள்ளங்கைப் பக்கம் நனைய நனையப் பிடிப்பு கூடும். ஈரத்துண்டால் ஒற்றிக்கொண்டு ஆடுகிறவர்களும் உண்டு! இது ஜோடியாகவே விற்கப்படும். ஆனால் இதில் சூடு அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

குளிர்காலக் கையுறை என்று தனியாக ஒன்று இருப்பது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அதன் சூட்சுமம் என்னவென்றால், கனமெல்லாம் புறங்கையில். அங்கே காற்று புகாத துணியும் மென்பஞ்சு போன்ற உள்துணியும் இருக்கும். உள்ளங்கைப் பக்கமோ பிடிப்புள்ள மெல்லிய செயற்கைத் தோல். மணிக்கட்டு நீண்டு சட்டைக் கைக்குள் புகும். இந்த மணிக்கட்டு நீளத்தை அலட்சியம் செய்யாதீர்கள். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன என்று சிஸ்டர் படம் வரைந்து காட்டினார்கள். முன்கையும் மணிக்கட்டும் குளிர்ந்தால் விரலை மட்டும் போர்த்தி என்ன பயன்?

அளவு எடுப்பது எளிது. கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். பிறகு நடுவிரலின் நீளம். அகன்ற கையும் குட்டை விரலும் உள்ளவர்களுக்குத் தனி அளவே உண்டு, எங்கள் அப்பாவின் கை அந்த வகை. போட்டுப் பார்க்கும்போது விரல் நுனியில் துணி மிஞ்சித் தொங்கக் கூடாது, உள்ளங்கையில் சுருக்கம் விழக் கூடாது. ‘இறுக்கமாக இருந்தால்தான் நல்லது’ என்று கடைக்காரர் சொல்வது வெயில்கால உறைக்குப் பொருந்தும், ஏனெனில் ஆட்டுத்தோல் நாளடைவில் நெகிழும். குளிர்கால உறையில் அந்தப் பேச்சு செல்லாது. முட்டியைப் பிடித்து அழுத்தினால் உள்ள இரத்த ஓட்டமும் குறையும், சூடு காக்கும் காற்றுக்கும் இடமிராது. கையை நன்றாக மூடித் திறந்து பாருங்கள். நானாகக் கண்டுபிடித்த சோதனை ஒன்றும் உண்டு. உறையோடு மேசையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க வேண்டும். எடுக்க முடிந்தால் வாங்கலாம். என் கம்பளி உறையால் ஒரு தேங்காயைத்தான் எடுக்கலாம்.

எந்தக் குளிருக்கு எது என்பதும் முக்கியம். நம் நீலகிரியில் குளிர் இரு வகை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்து, விடியற்காலையில் உறைபனி விழும். புல் வெள்ளையாக இருக்கும்போது யாரையும் அதன்மேல் நடக்க விடமாட்டார்கள், உறைந்த புல் மிதிபட்டால் கருகிப்போகும். பத்து மணிக்கோ வெயில் சுள்ளென்று அடிக்கும்! ஆகவே குளிர்கால ஜோடியில் தொடங்கி, பாதியில் கழற்றி, மெல்லிய ஆட்டுத்தோலுக்கு மாறலாம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையின் சாரலும் மஞ்சும் வேறு வகை. அப்போது மழைக் கையுறையே ஏற்றது, அதுவும் இரண்டு ஜோடி. நனைந்ததைக் குடைக்கம்பியில் உள்ளே தொங்கவிட்டு, உலர்ந்ததைப் போடுவார்கள். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிரைவிட ஈரமே கைக்குப் பெரிய பகை. ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் குளிர், காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. அங்குள்ளவர்கள் எப்படித்தான் ஆடுகிறார்களோ!

ஒரு சிறு கணக்கு. பதினெட்டுக் குழி ஆட ஏறக்குறைய நான்கு மணி நேரம். தொண்ணூறு அடி அடிப்பதாகவும் ஓர் அடிக்கு இரண்டு வினாடி ஆவதாகவும் வைத்தால் மொத்தம் 180 வினாடி, அதாவது மூன்றே நிமிடம்! மீதி நேரமெல்லாம் நடை. ஆகவே ஆடும்போது மெல்லிய உறை, நடக்கும்போது அதன்மேல் நான்கு விரலும் ஒரே பைக்குள் அடங்கும் பெரிய கம்பளி உறை என்பதே சிறந்த முறை. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சூடு தங்கும். இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போது எழும் வெப்பத்தால் சூடாகும் சிறு பொட்டலங்களும் விற்கிறார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக் கையைச் சூடாக்க விதி அனுமதிக்கிறது. பந்தை அதனால் சூடாக்கி ஆடினால் மட்டும் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். சூடான பந்து அதிக தூரம் போகுமாம்!

இரண்டு கையிலும் உறை போட்டால் கேலி செய்வார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் டாமி கெய்னி எப்போதும் இரு கையுறையோடு ஆடுபவர், 2012-இல் அந்நாட்டுத் தொழில்முறைப் போட்டி ஒன்றை வென்றார். பிரெட் கப்பிள்ஸோ உறையே போடாமல் 1992-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பனையே வென்றார். இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இந்தக் கையுறைகளெல்லாம் ஆடுகிறவர்களை நினைத்தே செய்யப்படுகின்றன. நான்கு மணி நேரமும் ஈரத்துண்டும் இரும்பு மட்டையுமாக நடக்கிற கேடியை யாரும் அளவெடுப்பதில்லை. மூன்று நிமிடம் ஆடுகிறவருக்கு இரண்டு ஜோடி, நாள் முழுவதும் சுமக்கிறவருக்கு ஒற்றைப் பழசு. இது எனக்குச் சரியாகப் படவில்லை. பை சுமப்பவருக்கு வேண்டியது விலை உயர்ந்ததும் அல்ல. துடைக்கும் கைக்கு மெல்லிய ரப்பர் உறையும் அதற்குள் ஒரு நூலுறையும் போதும், ஈரம் உள்ளே போகாது. மீன் கடையிலும் தோட்ட வேலையிலும் போடுகிறார்களே, அதுதான்.

இவ்வாண்டு ஓர் ஆட்டக்காரர் தம் குளிர்கால ஜோடியை, அளவு பெரிதென்று, அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதை எங்கள் மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாணயச் சோதனை செய்தார். இரண்டாம் முறையில் எடுத்துவிட்டார். துடைக்கிற வேளைக்கு நான் வாங்கித் தந்த ரப்பர் உறை இருக்கிறது, வீக்கம் இவ்வாண்டு வரவில்லை. ஜனவரியில் மறுபடியும் போட்டி இருக்கிறதாம். அந்தக் கனமான கம்பளி ஜோடியை விடியற்காலை மைதானத்துக்கு நடந்து போகும்போது போட்டுக்கொள்கிறார். போய்ச் சேர்ந்ததும் கழற்றி, மடித்து, உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம்.